உப்பு மாற்றும் முன்

(காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். வங்கியில் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவன். கெமிஸ்ட்ரி எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. போன வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைதான் மறுபடி படிக்க வைத்தது.

நம் சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் மின்னூட்டமுள்ள அயனிகளாகத் தனித்தனியே பிரிந்துவிடும். உடம்பில் சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, பொட்டாசியம் உள்ளே. செல்லின் சவ்வில் உள்ள ஒரு புரதம் ஒவ்வொரு தடவையும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. எங்கள் கேஷ் கவுண்டர் மாதிரிதான்; ஆனால் லஞ்ச் இடைவேளை கிடையாது! இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் இருக்க வேண்டும். ரொம்பக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். மிச்சத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்.

பி.பி.க்கு நல்லதென்று நான் 'லோ சோடியம்' உப்புக்கு மாறினேன். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தார்கள். என் பி.பி. மாத்திரையோ பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் ரகம். அளவு 5.9! டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் என்ன உப்பு?" என்றுதான்.

அந்த உப்பு பலருக்கு நல்லதுதான், குறை சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு மாறுங்கள். நம் சங்கத்தின் மொத்தக் கொள்முதல் பட்டியலிலும் அது இருக்கிறது. பெயர் கொடுக்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும்.