கருகிய பாய்



பத்தமடையில் எங்கள் அண்டைவீட்டு அம்மையார் என் திருமணத்திற்குத் தம் கையால் பாய் ஒன்று நெய்து தந்தார். கோரையை மெல்லிதாகக் கிழித்து, தாமிரபரணி நீரில் ஊறவைத்து, உலர்த்தி, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்தது. ஒரு தலைப்பில் மணமக்கள் பெயர்கள். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டார், பெயர்கள் கருகின. ஈராண்டு அவரோடு நான் பேசவில்லை.

செய்தியறிந்து அம்மையார் வந்தார். கருகிய பகுதியை வெட்டி நீக்கி, ஓரத்தில் துணி வைத்துத் தைத்தார். "ஆற்றங்கரையில் கோரை இன்னும் முளைக்கத்தானே செய்கிறது, தம்பி? அவரைப் போய்ப் பார்த்து வா" என்றார். சென்றேன்.

இழப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆயினும், நம் கவியரங்குகளில் நான் பாடியவற்றைப் பெயரற்ற அந்தப் பாயில் அமர்ந்தே எழுதினேன்.