நாணம் அடைத்த கதவு



கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் சாவகர் அறத்தின் முதற்படி. அந்தப் பெருமையே சில இல்லங்களில் ஒரு துயரத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. மகனோ கணவனோ குடிக்கு அடிமையாகிவிட்டால் பிற குடும்பங்களுக்கு அது நோய். சமணக் குடும்பத்திற்கோ நோயோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. உறவினர் கேட்டால் வீட்டார் வேறு காரணம் சொல்லி மழுப்புகின்றனர். இம்மௌனம் நீளும் ஆண்டுகளில் கல்லீரல் கெடுகிறது; நிலம் அடமானத்திற்குப் போகிறது; பிள்ளைகள் அஞ்சி வளர்கின்றனர்.

இந்நோயுற்றோர்க்குத் துணைநிற்கும் ஓர் இயக்கம் பிறந்த வரலாறு அறியத்தக்கது. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரான் நகருக்கு வணிகம் கருதி வந்திருந்தார் வில்லியம் வில்சன். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. விடுதியின் முன்கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசியின் பக்கம் திரும்பினார். தம்மைப்போலக் குடியால் துன்புறும் ஒருவரோடு பேச வேண்டும் என்பதே அவர் கேட்ட உதவி. பலரிடம் கேட்டபின் ஒரு பெண்மணி செவிசாய்த்தார். அவருடைய இல்லத்தில் மறுநாள் மாலை, ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரை வில்சன் சந்தித்தார். கால்மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த மருத்துவர், இரவு பதினொரு மணி கடந்தே எழுந்தார். அறிவுரை கூறியோர் பலரை அவர் கண்டிருந்தார். அதே துன்பத்தில் உழன்று மீண்ட ஒருவரை அன்றுதான் கண்டார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் அவர் குடியை விட்டொழித்தார். அந்நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. 1957இல் அது இந்தியாவிலும் கால்கொண்டது.

இவ்வியக்கத்தின் கூட்டத்திற்குச் செல்வோர் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. அங்குக் கண்டவரைப் பற்றியும் கேட்டவற்றைப் பற்றியும் வெளியே பேசலாகாது என்பது மரபு. பேச விரும்பாதவர் அமைதியாக அமர்ந்து கேட்கலாம். 'திறந்த கூட்டம்' எனில் குடும்பத்தாரும் உடன் செல்லலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விழைவோர்க்கு மட்டும். குடும்பத்தார் தம் துயரைப் பகிர்ந்துகொள்ள 1951இல் தோன்றிய அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு. சில கூட்டங்கள் தேவாலய அறைகளில் நடைபெறுவது இடவசதி கருதியே; இயக்கம் எம்மதத்தையும் சார்ந்ததன்று.

அதன் 12 படிகளில் கடவுள் என்னும் சொல் வருகிறதே, படைப்புக் கடவுளை ஏற்காத சமணர் அதனை எங்ஙனம் கொள்வது என்று சிலர் வினவக்கூடும். அவரவர் உணர்ந்தவாறு பொருள் கொள்ள அப்படிகளே இடம் தருகின்றன. தன் குற்றங்களை எண்ணிப் பார்த்தல், அவற்றை இன்னொருவரிடம் ஒளியாது உரைத்தல், தீங்கிழைக்கப்பட்டோர்க்கு ஈடுசெய்தல் ஆகியன அவை வேண்டும் பயிற்சிகள். ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் அறிந்த குடும்பங்களுக்கு இவை புதியன அல்ல.

கூட்டம் நடைபெறும் இடத்தை அறிவது எளிது. இயக்கத்தின் நகர அலுவலகத்தாரைத் தொலைபேசியில் அழைத்தால் நாள், நேரம், இடம், மொழி ஆகியவற்றைக் கூறுவர். நடுவண் அரசின் 14446 என்னும் கட்டணமில்லா எண்ணிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் வழி கேட்கலாம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையும் உள்ளது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அத்துயரை மறைக்காமல், பிறர் பிழைக்கும் பொருட்டு 1980இல் தொடங்கிய அறப்பணி அது.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பல்லாண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. ஓரிரு நாள்களில் வலிப்பும், அதனையடுத்து மனக்குழப்பமும் நேர்ந்து உயிருக்கே ஊறு விளையலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரை நாட வேண்டும். கூட்டத்தின் துணை அதனோடு சேர்ந்து வரட்டும். முதற்கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிடின் வேறொரு கூட்டத்திற்குச் செல்லலாம். ஒருமுறை தவறிக் குடித்தவரும் மீண்டும் வரலாம். அவரை எவரும் வெளியேற்றுவதில்லை.

ஆக்ரான் நகரப் பெண்மணி முன்பின் அறியாத ஒருவரின் குரலைக் கேட்டுத் தம் இல்லத்தைத் திறந்துவிட்டார். ஒவ்வோர் ஊரிலும் பெரியவர் ஒருவரேனும் அண்மையிலுள்ள கூட்டத்தின் முகவரியையும் கிழமையையும் தெரிந்து வைத்திருக்கட்டும். நாடி வரும் குடும்பத்தின் செய்தியைப் பிறர் செவிக்குக் கொண்டுசெல்லாது, முதல் நாள் அவ்வாயில் வரை அவர் உடன் நடக்கட்டும். அதுவும் அபயதானமே.