பாட்டி கையில் உள்ள தழும்பு



போன வாரம் நம் மையத்தில் ஒரு அக்கா கேட்டார். “தம்பி, வேறு நாட்டில் நோய் வந்தால் நமக்கென்ன? நம் ஊரைப் பார்த்தால் போதாதா?” நல்ல கேள்வி. இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

என் பாட்டியின் கையில் காசு அளவில் இரண்டு தழும்புகள் உண்டு. அம்மை குத்திய தழும்பு. எனக்கு அந்த ஊசி போடவில்லை. ஏன்? பெரியம்மை நோய் இப்போது உலகத்திலேயே இல்லை.

பெரியம்மை கொடிய நோய். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் வரை இறந்தார்கள். சிலருக்குக் கண் போனது. என் பாட்டியின் தம்பி நான்கு வயதில் அதில் இறந்தார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம்.

இந்த நோய் எப்படி ஒழிந்தது?

நோய்க்கு எல்லை கிடையாது. அந்தக் காலத்தில் கப்பலில் ஆட்கள் வந்தார்கள். கூடவே காலராவும் வந்தது. ஒவ்வொரு நாடும் தன் விருப்பம்போல் கப்பலைத் தடுத்தது. வியாபாரம் கெட்டது. நோய் நிற்கவில்லை. அதனால் 1851-இல் 12 நாடுகள் பாரிஸ் நகரில் கூடிப் பேசின. நிலையான உடன்பாடு வரவில்லை. ஆனாலும் பேச்சை விடவில்லை. பிறகு 1948 ஏப்ரல் 7-இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தது.

பெரியம்மையை அடியோடு ஒழிக்கலாம் என்று 1958-இல் சோவியத் நாடு அங்கே சொன்னது. 1967-இல் வேலை வேகம் பிடித்தது. அப்போது அமெரிக்காவும் சோவியத் நாடும் பகை நாடுகள். ஆனாலும் இதில் சேர்ந்து உழைத்தன. சோவியத் நாடு தடுப்பு மருந்தை இலவசமாகத் தந்தது. அமெரிக்க மருத்துவர் ஹெண்டர்சன் தலைமை தாங்கினார்.

மருந்து மட்டும் போதவில்லை. 1974-இல் பீகாரில் பெரியம்மை கடுமையாகப் பரவியது. நாம் மாரியம்மன் என்போம். அங்கே சீதளா மாதா என்பார்கள். தெய்வக் குற்றம் என்று பயந்து சிலர் நோயை மறைத்தார்கள்.

சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டினார்கள். “இப்படி யாருக்காவது இருக்கிறதா?” என்று கேட்டார்கள். சந்தையிலும் பள்ளியிலும் கேட்டார்கள். சேதி சொன்னவருக்குப் பரிசும் தந்தார்கள். சேதி வந்ததும் அந்த வீட்டுக்குக் காவல் போட்டார்கள். சுற்றிலும் இருந்தவர்களுக்கு அம்மை குத்தினார்கள். நோய் தாவ ஆள் இல்லை. அங்கேயே அழிந்தது.

1975 மே மாதம் அசாமில் கரீம்கஞ்சில் ஒரு பெண்ணுக்குப் பெரியம்மை இருந்தது. நம் நாட்டில் அவரே கடைசி நோயாளி. அவர் வங்கதேசத்திலிருந்து நோயோடு வந்தவர். அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எல்லைக்கு அந்தப் பக்கம் நோய் இருந்தால் இந்தப் பக்கமும் வரும்.

அதனால் எல்லா நாடுகளிலும் வேலை நடந்தது. 1977-இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்தது. ஊருக்குள் தானாகப் பரவி வந்த பெரியம்மை அதோடு முடிந்தது. 1980-இல் நோய் ஒழிந்தது என்று உலகுக்கு அறிவித்தார்கள்.

“அப்படியானால் சாமி கும்பிடக் கூடாதா?” என்று கேட்பீர்கள். கும்பிடுங்கள். சேதியையும் சொல்லுங்கள்.

நம் தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு வரலாம். காய்ச்சல் வரலாம். மறைக்காதீர்கள். நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். என்ன நோய், எந்தத் தெரு, எத்தனை பேர், எந்தத் தேதி. இவ்வளவு போதும்.

இதை எழுத இனி வேறு ஆள் தேட வேண்டாம். நீங்களே எழுதலாம்.