ஈலியோ: பொருளும் பிறப்பும்



அறிவியல் நூல்களிற் பலகால் எதிர்ப்படும் முன்னொட்டு ‘ஈலியோ’. அதன் பொருள் ஞாயிறு. பண்டைக் கிரேக்கர் ஞாயிற்றை மூச்சொலி முன்வர ‘ஏலியோசு’ என்றனர். அதுவே இதன் மூலம்.

இவ்வொலியைக் கேட்டதும், ஒளியையும் ஞாயிற்றையும் குறிக்கும் ‘எல்’ என்னும் தமிழ்ச்சொல் நினைவுக்கு வருதல் இயல்பே. அதனால் ஏலியோசு தமிழினின்று பிறந்ததெனத் துணிவாரும் உளர். ஒலி ஒத்தால் உறவு உறுதியாகுமா?

ஓமரின் பாடல்களில் அச்சொல் ‘ஏஎலியோசு’ என நீண்டு நிற்கிறது. கிரீட்டுத் தீவு வழக்கோ ‘அபெலியோசு’. அங்குள்ள பகரம், பழைய வகரத்தின் சுவடு. இனி, சொன்முதற் சகரம் உயிர்முன் கிரேக்கத்தில் மூச்சொலியாகத் திரியும். ஏழென்னும் எண் இலத்தீனிற் ‘செப்தெம்’. கிரேக்கத்தில் மூச்சொலியொடு ‘எப்தா’. ஆகவே ஏலியோசின் முந்து வடிவிற் சகரமும் வகரமும் இருந்தன. இலத்தீன் ‘சோல்’, இலித்துவேனியச் ‘சவுலே’, சமற்கிருதச் ‘சூரிய’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். தமிழ் ‘எல்’லில் அச் சகரமும் இல்லை, வகரமும் இல்லை.

இதனால் ‘எல்’லுக்கு இழுக்கொன்றும் இல்லை. தொல்காப்பியர் அதற்கு ஒளிப்பொருள் கூறினார். சங்கப்பாடல்களில் அது பகலையும் ஞாயிற்றையும் குறித்தது. தன் காலில் நிற்கும் சொல்லுக்கு அயலுறவு எதற்கு? ஒரு பொய்ச்சான்று புகுந்தால் ஒன்பது மெய்ச்சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஏலியோசின் தாய் ‘எல்’ அன்று. ஆனால் அதன் பெயர்ப்பாக நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 1868 ஆகத்து 18 அன்று, அந்நாளைய சென்னை மாகாணத்துக் குண்டூரில், முழு ஞாயிற்று மறைப்பின்போது பிரெஞ்சு வானியலார் சான்சன் ஞாயிற்றின் விளிம்பொளியை ஆய்ந்தார். அவ்வாண்டே இங்கிலாந்தில் இலாக்கியர், அவ்வொளியின் மஞ்சள் வரி அறியப்பட்ட தனிமம் எதற்கும் உரியதன்றெனக் கண்டார். புதுத்தனிமம் ‘ஈலியம்’ எனப்பட்டது. 1895இல் இராம்சே அதை மண்ணுலகக் கனிமமொன்றினின்று பிரித்தெடுத்தார். அது வளி, எனினும் பெரும்பாலும் மாழைகளுக்கே வழங்கும் ஈறு அதன் பெயரில் நிலைத்துவிட்டது.

‘ஈலியம்’ என ஒலிபெயர்த்தால் தமிழ்மாணவனுக்கு ஞாயிறு தோன்றாது. ‘எல்லியம்’ என்றால் பெயரிலேயே பிறப்பு விளங்கும். ‘ஞாயிற்று நடுவக் கொள்கை’ என்றால் கோப்பர்நிக்கசு 1543இல் வெளியிட்ட கருத்து முழுதும் விளங்கும். ஞாயிற்றுப்பூ எனப் பொருள்படும் ‘ஈலியாந்தசு’ தமிழிற் ‘பொழுதுவணங்கி’. மலரின் பெயரோடு அதன் செயலும் அதில் அடங்கும்.

அயற்சொல்லின் வேரை அதன் மண்ணிலேயே அறிக; அதன் பொருளைத் தமிழ்வேரில் தளிர்க்கச் செய்க. முன்னது நேர்மை, பின்னது வளர்ச்சி. இரண்டும் இணைந்ததே தனித்தமிழ்ப் பணி!