தேய்ந்த திண்டும் குரோஷா உறையும்



உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் பழைய சோபாவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மரச்சட்டம் உறுதியாக இருக்கும். திண்டின் உள்ளே இருப்பது இலவம்பஞ்சாயினும், தென்னைநாராயினும், நுரைமெத்தையாயினும் பெரும்பாலும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் நிலையிலேயே இருக்கும். கெட்டுப்போனது மேலே போர்த்திய துணி ஒன்றே. அதிலும் எல்லா இடமும் ஒரே அளவாகக் கெடுவதில்லை. உட்காருவோரின் கால்மடிப்பு உராயும் முன்விளிம்பும், நான்கு மூலைகளும், தையல் ஓடிய ஓரங்களுமே முதலில் இழை இழையாகப் பிரிகின்றன. அதைக் கண்டவுடன், "சோபா பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாம்" என்று வீட்டில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். சட்டை கிழிந்ததற்காக ஆளையே மாற்ற முற்படுவது போன்ற தீர்ப்பு இது!

அத்தகைய திண்டுகளுக்குக் கையாலேயே உறை பின்னிப் போடும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். தலைமையாசிரியராக இருந்தவருக்கு இந்தப் பெண்கள் வேலையில் என்ன அக்கறை என்று சிலர் நகைக்கலாம். அவர்கள் ஒரு மாலை நம் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்று பார்க்கட்டும். மீசை நரைத்த ஆடவர்கள் மணலில் அமர்ந்து வலையின் அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூலுக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை தெரியாது. நான் கணக்கு ஆசிரியனாகவும் இருந்தவன். என்னை இவ்வேலையின்பால் ஈர்த்தது அதனுள் இருக்கும் கணக்கே.

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். நம் வீடுகளில் அது குரோஷா என வழங்குகிறது. கம்பளிச் சட்டை பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே கோத்து நிற்கும். குரோஷாவில் கருவி ஒன்றே. ஒரு கண்ணியை முற்றும் முடித்த பின்னரே அடுத்த கண்ணிக்குச் செல்கிறோம். ஆகவே கொக்கியில் எஞ்சி நிற்பது ஒரே ஒரு வளையம். கை தவறினாலும் வரிசை முழுவதும் சரிந்துவிடாது. இதனால் விளையும் துணி தடிப்பானது, உராய்வைத் தாங்கவல்லது. சோபாத் திண்டுக்கு வேண்டிய குணம் அதுவே அன்றோ!

இனிக் கணக்கிற்கு வருவோம். பின்னத் தொடங்கும் முன் உள்ளங்கையளவு மாதிரி ஒன்று பின்னி, 10 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை கண்ணிகள், அதே உயரத்தில் எத்தனை வரிசைகள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இம்மாதிரியைச் சோம்பலால் தவிர்ப்பவர்கள் பலர். ஒருவர் கை நூலை இறுக்கி இழுக்கும். மற்றொருவர் கை தளர்த்தி விடும். அதனால் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணிக்கை நம் கைக்கு அப்படியே பொருந்தாது. 15 கண்ணிகளும் 16 வரிசைகளும் வந்தன என்று கொள்வோம். திண்டு 50 சென்டிமீட்டர் சதுரமாயின், உறையை 48 சென்டிமீட்டராகப் பின்ன வேண்டும். பின்னல் இழுபட்டுக் கொடுக்கும் தன்மையது. சரியளவாகப் பின்னினால் சில நாட்களில் தொளதொளவென்று தொங்கும். ஆகவே ஒரு முகத்திற்கு 72 கண்ணிகள், 77 வரிசைகள்.

வட்டத் திண்டாயின் கணக்கு இன்னும் சுவையுடையது. முதற் சுற்றில் 6 கண்ணிகள், அடுத்ததில் 12, பின் 18, பின் 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறாறாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். பாட்டிமார் இதனைக் காரணம் கேளாமலே செய்வர். காரணம் உங்கள் வடிவகணிதப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுப் பின்னினால் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது ஏறத்தாழ 6.28 கூடும். சிறு கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே ஆதலால் ஆறு கண்ணிகள் கூட்டினால் போதும். எஞ்சிய சிறு பின்னத்தை நூலின் நெகிழ்ச்சி ஏற்றுக்கொள்ளும். ஆறுக்குக் குறைத்தால் பின்னல் தொப்பிபோல் குவியும். மிகுத்தால் சேவற்கொண்டைபோல் நெளியும்.

அந்த நெளிவை வீண் என்று ஒதுக்க வேண்டா. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை, கண்ணிகளை ஒரே விகிதத்தில் மிகுத்துக்கொண்டே போய், யூக்ளிடின் இணைகோட்டு விதி செல்லாத வளைபரப்பு ஒன்றைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக, அக்கோட்டைத் தொடாத கோடுகள் பல செல்லக்கூடிய பரப்பு அது. காகிதத்தில் செய்தால் எளிதிற் கிழிந்துபோகும் அம்மாதிரி, நூலில் கையிலெடுத்து மடித்துப் பார்க்கும் பொருளாயிற்று.

நம் சதுரத் திண்டுக்குத் திரும்புவோம். 72ஐ 77ஆல் பெருக்கினால் 5,544. முன்னும் பின்னும் இரு முகங்களுக்கு 11,088 கண்ணிகள். நிதானமாகப் பின்னுபவர் நிமிடத்திற்கு 12 கண்ணிகள் போடுவார் என்று கொண்டால், 924 நிமிடங்கள் வேண்டும். அஃதாவது 15 மணி 24 நிமிடம். ஓரம் கட்டுவதும் பொத்தான் வைப்பதும் இதில் சேரவில்லை. மூவர் அமரும் சோபாவின் மூன்று திண்டுகளுக்கு 46 மணி நேரத்துக்கும் மேல்.

அத்தகைய உறை ஒன்று கடையில் 400 ரூபாய்க்கு விற்கிறது என்றும், நூலுக்கு 150 ரூபாய் ஆயிற்று என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் முழுவதும் பின்னியவருக்கே சென்றாலும் மணிக்குப் பதினாறு ரூபாய்தான் கிடைக்கும். இடையில் வணிகர் ஒருவர் இருந்தால் அதுவும் குறையும். "கைவேலை என்று சொல்லி இவ்வளவு விலை கேட்கிறார்களே" என்று பேரம் பேசுவோர் இந்த வகுத்தலைச் செய்து பார்த்தவர்கள் அல்லர். சுருங்கச் சொன்னால், இயந்திரத்தில் விரைந்து வரும் துணியின் விலையோடு இதனை ஒப்பிடுகிறார்கள். இரு ஊசிப் பின்னலுக்கு இயந்திரம் வந்து நெடுங்காலம் ஆயிற்று. உண்மையான குரோஷாவையோ இன்றும் கைதான் பின்ன வேண்டியிருக்கிறது.

இக்கொக்கி பலருக்குச் சோறிட்ட கதையும் உண்டு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்க, பெரும் பஞ்சம் மூண்டது. அப்போது கார்க், குளோன்ஸ் முதலிய ஊர்களில் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாச் சரிகைப் பின்னல் கற்பிக்கப்பட்டது. வெனிஸ் நகரத்து ஊசிச் சரிகையைப் போன்ற தோற்றத்தை அதனினும் விரைவாகக் கொக்கியால் உண்டாக்க முடிந்ததால், செல்வர் வீடுகளில் அதற்கு விலை கிடைத்தது. குடும்பங்கள் பல அதனால் பட்டினியிலிருந்து தப்பின.

நமக்கு அண்மையில், ஆந்திர நாட்டுக் கோதாவரிப் பகுதியில் உள்ள நரசாபூரின் கதை வேறு வகையானது. அங்கே கிறித்தவப் பாதிரிமார் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய இக்கலை, பல்லாயிரம் பெண்களின் தொழிலாக வளர்ந்தது. அவர்கள் பின்னிய விரிப்புகளும் உறைகளும் கடல் கடந்து ஏற்றுமதியாயின. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவர்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களை யாரும் தொழிலாளர் என்று எண்ணவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே அவ்வேலை கருதப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லியே கூலியும் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்த அநீதி அது. என் கருத்தில், நம் வீடுகளிலும் அச்சொல் அவ்வப்போது இதே வேலையைச் செய்கிறது.

இவ்வளவும் கேட்ட பின்னும் கொக்கியைக் கையில் எடுக்க விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள். நம் வெப்பத்திற்குக் கம்பளி நூல் ஆகாது; பருத்தி நூலே வியர்வையை உறிஞ்சும், பலமுறை துவைக்கவும் தாங்கும். நுணுக்கமான துளைப்பின்னல் முதுகுத் திண்டுக்கு அழகு தரும். உட்காரும் திண்டுக்கு நெருக்கமான சிறு கண்ணிகளே ஏற்றவை. பின்னலின் இடைவெளியில் பழைய துணியின் கிழிசல் தெரியாதிருக்க, பழைய வேட்டியில் உள்ளுறை ஒன்று தைத்துப் போட்டுவிடலாம். பின்பக்கத்தில் பொத்தான் வைத்தால் கழற்றித் துவைக்க எளிது. பின்னலின் கண்ணியே பொத்தான் துளையாகிவிடும். முதலில் பழகுவதற்கு 4 மில்லிமீட்டர் கொக்கியும் வெளிர்நிற நூலும் வாங்குங்கள். கறுப்பு நூல் வேண்டா. இரவு விளக்கில் அதன் கண்ணிகள் கண்ணுக்குப் புலப்படா.