அதிகாரம் வேறு, தலைமை வேறு

(கிளைப் பொறுப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில் ஸ்தாபனங்களில் மாற்றத்தை எப்படி நடத்துவது என்று பெரிய கம்பெனிகள் தங்கள் நிர்வாகிகளுக்கு வகுப்பு நடத்துகின்றன. அந்த மாற்றத்தைத் தோளில் சுமப்பவர்கள் நாம். ஆகவே நமக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்றுதான் இன்று கூடியிருக்கிறோம்.

விடியற்காலைப் பெரட்டில் ஒரு காகிதம் ஒட்டப்படுகிறது. இன்ன காட்டு ரப்பர் மரங்கள் வெட்டப்படும், செம்பனை நடப்படும் என்று இரண்டே வரி. ஒட்டியவருக்கு வேலை முடிந்தது. படித்தவருக்கோ அன்றுதான் கவலை ஆரம்பம்.

மாற்றத்தையே எதிர்ப்பவர்கள் அல்லர் நாம். வயதான மரம் பால் தராது; அதை வெட்டத்தான் வேண்டும். ரப்பர் மரம் பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். செம்பனை ஏறக்குறைய மூன்றே ஆண்டில் காய்க்கும். முதலாளி எதைப் பார்ப்பார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் சேராத கணக்கு ஒன்று உண்டு. பட்டையைக் காயப்படுத்தாமல் உளி பிடிக்க ஒருவர் ஆண்டுக்கணக்கில் பழகிய கைத்திறன், செம்பனைக் காட்டில் செல்லாது. அங்கே ஏக்கருக்கு வேண்டிய கைகளும் குறைவு. நிரை பிடித்துப் பால் வெட்டிய நம் பெண்கள், உதிரிப் பழம் பொறுக்கவும் மருந்து தெளிக்கவும் போனார்கள். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி, "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்ட நிர்வாகங்கள் எத்தனை?

உத்தரவு போடுவது அதிகாரம். அது நாற்காலியோடு வரும், நாற்காலியோடு போகும். உத்தரவு இல்லாமலே பிறர் நம்பிப் பின்னால் வருவது தலைமை. இதற்கு நம் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தலைமுறையாய் லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அது அதிகாரம் நடத்திய மாற்றம். அந்தச் சமயத்தில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவர் அமைச்சர்தான். ஆனால் அமைச்சர் பதவியைக் காட்டி ஒரு தொழிலாளியின் முடிச்சிலிருந்து பத்து வெள்ளியை அவிழ்க்க முடியுமா? தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார், நம்பிக் கொடுத்தார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தக் காசில் வாங்கப்பட்டது. அது தலைமை நடத்திய மாற்றம்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1981 செப்டம்பர் 7ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு மலேசியர் கைக்கு வந்தது. நாட்டுக்குப் பெருமைதான். ஆயினும் பங்கு கைமாறுவது வேறு, தோட்டம் கைமாறுவது வேறு. பங்கு மாறினால் கம்பெனி அதே கம்பெனி. நம் சேவை தொடரும். தோட்டத்தையே விற்றால் சட்டம் குறுக்கே வரும். இந்த வித்தியாசத்தை நம்மில் பலர் அறியாமல் ஏமாந்திருக்கிறோம்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆட்குறைப்புக்கும் உடைமை மாற்றத்துக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம். ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம். இவை குறைந்தபட்ச அளவுகள். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டு சேவை முடித்தவருக்கு நஷ்டஈடும் உண்டு: ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும், மேற்சொன்ன அதே வரிசையில், 10, 15, 20 நாள் சம்பளம். புதிய உடைமையாளர் ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்தால் சேவை தொடரும். வராவிட்டால் பழைய முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்கு முன் கூடிய விரைவில் எச்சரிக்கை தந்து தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேசச் சொல்கிறது. அது சட்டமன்று, ஆனால் தொழில் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம். ஆகவே கலந்து பேசுங்கள் என்று கேட்பது பிச்சை அல்ல.

கிராணிமார்களே! அந்த இரண்டு வரிக் காகிதத்தைத் தட்டெழுதியவர் நீங்கள். நிர்வாகத்தின் இரகசியத்தை உடைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. செக்ரோல் புத்தகத்தில் சேவை ஆண்டு சரியாக இருக்கிறதா, பெயர் விடுபட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். அந்த ஓர் எண்ணில் ஒரு குடும்பத்தின் நஷ்டஈடு அடங்கியிருக்கிறது. பால்மரம் சாய்ந்தால் உங்கள் மேசையும் ஆடும் என்பதை மறக்க வேண்டாம்.

இறுதியாக நம் வீட்டுக்கு வருவோம். தனித்தனியாக நின்ற தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954இல் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர் இருந்தனர். ஒன்றாக வேண்டுமானால் சிலர் நாற்காலியை விட்டுத்தானே ஆக வேண்டும்? நம் வலிமைக்கு அதுவே முதல் விலை.

அந்த வழியில் வந்த நாங்களும் தவறியதுண்டு. பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்தும் ஆன பிறகு கூட்டம் கூட்டி, முடிவை வாசித்துக் காட்டியிருக்கிறோம். பெரட்டில் காகிதம் ஒட்டிய நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் அன்று என்ன பேதம்? உறுப்பினர் சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஆதலால் பொறுப்பாளர்களே, நான்கு காரியம் செய்யுங்கள். மாற்றம் வருகிறது என்று காதில் விழுந்த உடனே, எப்போது, எத்தனை பேர், என்ன ஏற்பாடு என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரின் சேவை ஆண்டையும் இன்றே குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் லயத்தில் கூட்டம் போட்டு அபிப்பிராயம் கேளுங்கள். திரும்பிய அன்று மாலையே, கிடைத்ததையும் கிடைக்காததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் எதைக் கேட்கிறோமோ, அதை முதலில் நம் உறுப்பினருக்கு நாம் கொடுப்போம். அப்போதுதான் நம் கேள்விக்குப் பலம் உண்டாகும்.