பெருந்தொற்றும் வணிகர் சங்கமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதும், இளைஞர்கள் நாடகம் நடிப்பதும், பிள்ளைகளுக்குப் பரிசு வழங்குவதும் மரபு. அத்தகைய மேடையில் அரிசி, பருப்பு, வாடகை, வட்டி ஆகியவற்றைப் பற்றிப் பேச என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். இதில் ஒரு பொருத்தமும் இல்லாமல் இல்லை. இக்காலனியில் கடை வைத்திருப்போர் சிலர். அக்கடைகளில் பற்றெழுதி வாங்குவோர் மற்றெல்லோரும். கடைக்காரருக்கு நேர்ந்த துன்பம் பற்று நோட்டின் வழியாக ஒவ்வொரு வீட்டின் அடுக்களைக்கும் வந்து சேர்ந்ததை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நமக்கு நன்றாகக் காட்டின. ஆகவே, அப்பெருந்தொற்றுக் காலத்தில் வணிகர் சங்கங்கள் செய்தவை எவை, செய்யத் தவறியவை எவை என்று இன்று சற்றுக் கணக்குப் பார்க்க விரும்புகிறேன்.

வணிகர் ஒன்றுகூடி நிற்பது நமக்குப் புதிய வழக்கம் அன்று. சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849-ஆம் ஆண்டளவில், கொல்லத்தில் அய்யனடிகள் திருவடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரண்டு வணிகக் குழுக்கள் பேசப்படுகின்றன. பள்ளியின் உடைமைகளைக் காக்கும் பொறுப்பு அக்குழுக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. கடல் கடந்து சுமத்திராவின் பரூஸ் துறையில் 1088-இல் தமிழிலே கல்வெட்டுப் பொறித்து வைத்தவர்களும் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரே. அரசனிடம் தனி வணிகன் ஒருவன் சென்று பேசவில்லை, குழு பேசிற்று. நான் சொல்ல வந்த செய்தியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளையர் காலத்தில் சென்னையில் 1836-இல் ஐரோப்பிய வணிகர்கள் வர்த்தக சபை அமைத்தார்கள். இந்திய வணிகர்கள் 1909-இல் தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவினார்கள். கோவையில் 1929-இல் இந்திய வர்த்தக சபை தோன்றிற்று. இவற்றின் பெயர்களைக் கேட்டதும், ஆலை முதலாளிகள் நாற்காலியிட்டு அமரும் மாளிகை நம்மவருக்கு நினைவு வரும். பெட்டிக் கடைக்காரருக்கு அங்கு என்ன வேலை என்று கேட்கவும் கேட்பார்கள். ஆனால், சில்லறை வணிகருக்கென்றே தமிழ்நாட்டில் வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், நமது கேரளத்தில் வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியும் ஊர்தோறும் கிளை பரப்பி நிற்கின்றன. பலசரக்குக் கடை, துணிக்கடை, தேநீர்க் கடை நடத்துவோருக்கு வர்த்தக சபை என்பது இதுதான்.

நம் ஊரின் நிலையை முதலில் நினைத்துப் பாருங்கள். சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்திலும் அடங்கிற்று. அதிகாரம் இப்படி மாறி மாறி வந்ததே தவிர, எருத்தேன்பதியின் சரக்கும் சந்தையும் பொள்ளாச்சிப் பக்கத்தை விட்டு விலகியதே இல்லை. காய்கறிக்கு ஒட்டன்சத்திரமும் வேலந்தாவளமும், மாட்டுக்குப் பொள்ளாச்சிச் சந்தையும், இயந்திர உதிரிப் பாகங்களுக்குக் கோவையும் என்று வாழ்ந்தவர்கள் நாம். இடுக்கியிலுள்ள நம் சகோதரர்களுக்குக் கம்பமும் போடியும் எப்படியோ, அப்படி.

2020 மார்ச் 23-ஆம் நாள் கேரள அரசு மாநிலம் முழுவதையும் அடைப்பதாக அறிவித்தது. மறுநாள் நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. வரைபடத்தில் மட்டும் இருந்த எல்லைக்கோடு ஒரே இரவில் சாலையின் குறுக்கே கழியாக வந்து நின்றது. இரண்டு அரசுகள், இரண்டு வகை அனுமதிச் சீட்டுகள், இரண்டு வகைக் கடை நேரங்கள். கேரளத்துக்குள் வர ஜாக்ரதா இணையத்தளத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டுக்குள் செல்ல அங்குள்ள இ-பாஸ் வேண்டும். 2020 மே மாதம் வாளையாறு சாவடியில் சீட்டில்லாமல் வெயிலில் தவித்து நின்றவர்களின் படங்களைச் செய்தித்தாள்களில் நாம் எல்லோரும் பார்த்தோம். இடுக்கிப் பக்கத்திலோ, தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் மலையேறி வரும் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் வர இயலவில்லை. புற்றடியிலும் போடியிலும் மாறி மாறி நடக்கும் ஏலக்காய் ஏலம் மார்ச் மாதம் நின்றது. மே இறுதியில்தான் மீண்டும் தொடங்கிற்று. தோட்டம் ஒரு மாநிலத்தில், வாங்குவோர் மறு மாநிலத்தில் என்றால் வேறு என்ன நடக்கும்?

இத்தகைய வேளையில் வணிகர் சங்கத்தின் முதல் தொண்டு பணம் கொடுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அன்று. முதல் தொண்டு, ஆணையைச் சரியாகத் தெரிந்து வந்து சொல்லுவது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், சரக்கு வண்டிகளில் இது அத்தியாவசியம், இது அன்று என்று பிரித்துச் சாவடிகளில் மறித்தார்கள். மார்ச் 29-ஆம் நாளே ஒன்றிய உள்துறை அமைச்சகம், எல்லாச் சரக்கும் போகலாம், வேறுபாடு வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏப்ரல் 15-ஆம் நாள் விதிகளில், வண்டிக்கு இரண்டு ஓட்டுநரும் ஓர் உதவியாளரும் செல்லலாம் என்றும், சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பவும் தடையில்லை என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. இந்தத் தாளின் படி ஒன்று ஓட்டுநர் கையில் இருந்தால் வண்டி போகும். இல்லையென்றால் தக்காளி வண்டியிலேயே அழுகும். தாள் டெல்லியில் இருக்கிறது. ஓட்டுநர் கோபாலபுரம் சாவடியில் நிற்கிறார். இடையிலுள்ள தூரத்தைக் கடப்பிக்கத்தான் சங்கம் வேண்டும்.

நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆணைகள் மாலையில், சில நாள் இரவில் வந்தன. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வந்தன. மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம்மிடையே கடை நடத்துகிறார்கள். காலையில் கடையைத் திறந்தால் குற்றமா, திறக்காவிட்டால் நட்டமா என்று அவர்கள் அடுத்த கடைக்காரரைக் கேட்டு, அவர் அதற்கடுத்தவரைக் கேட்டு, வாய்ச்சொல்லிலேயே வணிகம் நடந்தது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே எழுதித் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அந்த உரிமையை நாம் பள்ளிக்கூடத்துக்காகவும் நிலப் பத்திரத்துக்காகவும் கேட்டிருக்கிறோம். கடைக்காரருக்காகக் கேட்டது குறைவு. உயிருக்கும் தொழிலுக்கும் உரிய ஆணை தமிழில் வராத குறையை வணிகர் சங்கமும் நம் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து தீர்க்க வேண்டும்.

இரண்டாவது தொண்டு, அரசிடம் ஒரே குரலில் பேசுவது. இதற்கு 2021-ஆம் ஆண்டைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இரண்டாம் அலையின்போது கேரள அரசு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நோய் காணும் விழுக்காட்டைக் கணக்கிட்டு நான்கு வகையாகப் பிரித்தது. ஜூலை மாதக் கணக்கின்படி 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதல் வகை. 15-க்கு மேல் என்றால் நான்காம் வகை, மும்மடங்கு ஊரடங்கு. எண்ணிக்கை ஏறினால் அவ்வூர்க் கடைகள் அடைபடும். பக்கத்துப் பஞ்சாயத்தில் திறந்திருக்கும். வாடிக்கையாளர் அங்கே போவார். வாரத்தில் சில நாட்களே திறந்ததால், திறந்த நாளில் கூட்டம் நெரிந்தது. கூட்டத்தைக் குறைக்க வந்த விதியே கூட்டத்தைச் சேர்க்கிறது, நாள்தோறும் நெடுநேரம் திறந்தால் மக்கள் பரவலாக வந்து போவார்கள் என்று ஏகோபன சமிதி வாதிட்டது. அதன் தலைவர் டி. நசிருத்தீன் அவர்கள் தலைமையில் வணிகர்கள் கடைகளைத் திறந்தே தீருவோம் என்றார்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜூலை 12-ஆம் நாள் போராட்டம் மூண்டது. முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்கள் கடுமையாக எச்சரித்தார். பின்னர் வணிகர் தலைவர்களை அழைத்தும் பேசினார்.

இதில் நான் ஒருபக்கமாகப் பேச விரும்பவில்லை. பக்ரீத்தை முன்னிட்டு ஜூலை 18 முதல் மூன்று நாள் தளர்வு தரப்பட்டபோது உச்ச நீதிமன்றம் அதனைக் கண்டித்தது. வணிகரின் அழுத்தத்துக்கு அரசு இணங்கலாகாது என்னும் கருத்துப்பட உரைத்தது. மருத்துவமனையில் படுக்கை தேடிய குடும்பத்தாருக்கு அந்தக் கண்டனம் நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆயினும், ஆகஸ்ட் 5-ஆம் நாள் முதல் அரசு தன் முறையை மாற்றிற்று. வாரம் ஆறு நாள், காலை 7 முதல் இரவு 9 வரை கடைகள் திறக்கலாம், 25 சதுர அடிக்கு ஒருவர் என்ற கணக்கில் உள்ளே விடலாம் என்று விதி வந்தது. வணிகர்கள் சொன்ன வாதத்தின் சாரம் இதில் இருந்ததை மறுக்க முடியாது. தனிக் கடைக்காரர் ஒருவர் இதே வாதத்தைப் போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

சங்கம் எப்போதும் சரியாகவே நடந்துகொண்டது என்றும் சொல்ல மாட்டேன். சென்னைக் கோயம்பேடு சந்தையைப் பாருங்கள். நோய் பரவும் அபாயம் தெரிந்ததும் சந்தையை வேறிடங்களுக்குப் பிரித்து நடத்தலாம் என்று முன்பே கேட்டும் வணிகர்கள் இணங்கவில்லை என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் பின்னர் கூறினார். முடிவில் 2020 மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. தமிழ்நாட்டு வணிகர்கள் ஆண்டுதோறும் வணிகர் தினம் கொண்டாடும் நாளும் அதுவே. அங்கிருந்து ஊர் திரும்பியவர்களால் பல மாவட்டங்களில் நோய் பரவிற்று. வணிகர்கள் திருமழிசையில் திறந்த வெளியில், மழை பெய்தால் சேற்றில், மாதக்கணக்கில் கடை நடத்தினார்கள். காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28-ஆம் நாள்தான். ஏப்ரலில் இருபுறமும் அமர்ந்து பேசி விட்டுக்கொடுத்திருந்தால் அத்தனை இடரும் வந்திராது என்பது என் எண்ணம். அரசை எதிர்த்துப் பேசத் தெரிந்த சங்கம், தன் உறுப்பினர்களிடம் கசப்பான சொல் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

மாறாகக் கோவையிலே 1969-இல் தோன்றிய கொடிசியா என்னும் சிறுதொழில் சங்கத்தின் கண்காட்சி வளாகம் நோயாளர் பராமரிப்பு மையமாக மாறிற்று. திருப்பூரில் 2021 மே 20-ஆம் நாள் ஆயத்த ஆடைப் பூங்காவிலேயே 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி போடும் பணியை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் தொடங்கி வைத்தார். தொழிலாளி வேலை செய்யும் இடத்துக்கே ஊசி வந்தது.

இனி, பணம். தாய்மார்கள் இதைக் கூர்ந்து கேட்கவேண்டும். வீட்டு நகை இதில்தான் அடகுக்குப் போயிற்று.

2020 மார்ச் 27-ஆம் நாள் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க இடமளித்தது. பின்னர் ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. பலர் இதனைத் தள்ளுபடி என்று எண்ணி மகிழ்ந்தார்கள். தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி கூடாது என்று வழக்கு நடந்து, 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அந்தக் குழப்பம் நீடித்தது. கையில் பணம் இருந்தவர் தவணையைக் கட்டியிருந்தாலே நல்லது என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அடுத்து, 2020 மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உறுதித் திட்டம். 3 லட்சம் கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தது. நம் கடைக்கு எவ்வளவு? 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையாக இருந்த கடனில் 20 விழுக்காடு. 2 லட்சம் ரூபாய் நிலுவை இருந்தவருக்கு 40,000 ரூபாய். பிணை கேட்க மாட்டார்கள்; முதல் ஓராண்டுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை. நல்ல திட்டம்தான். ஆனால், வங்கிப் படியே ஏறாமல் மொத்த வியாபாரியின் கடனிலும் தண்டல்காரரின் பணத்திலும் கடை நடத்தியவருக்கு 20 விழுக்காடு என்பது பூஜ்யத்தில் 20 விழுக்காடு. நம் எல்லைப்புறக் கடைகள் பலவற்றின் கதை இதுதான். 2021 ஜூலை 30-ஆம் நாள் கேரள நிதியமைச்சர் கே. என். பாலகோபால் அவர்கள் 5,650 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோதும், 2 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 4 விழுக்காட்டை ஆறு மாதம் அரசு ஏற்கும் என்றும், அரசுக் கட்டடக் கடைகளுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். தனியார் கட்டடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்காரரின் மனத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வாடகையைப் பாதியாக்கிக் கொடுத்த நல்லவர்கள் உண்டு. அவர்களிடம் சங்கத்தின் பெரியவர் ஒருவர் சென்று பேசினால் இன்னும் எத்தனை பேர் இசைந்திருப்பார்களோ!

ஆகவே நான் சொல்லுவது, நோய் வந்தபின் சங்கம் தேடுவதில் பயனில்லை. உறுப்பினர் பட்டியல், யார் கடை எந்தக் கட்டடத்தில், யாருக்கு வங்கிக் கணக்கும் பதிவும் உண்டு, யாருக்கு இல்லை என்னும் குறிப்பு, இவை அமைதிக் காலத்தில் எழுதி வைக்க வேண்டியவை. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகரையும் அதில் சேர்த்தார்கள். இதற்கு ஆதார், பான் எண்களும் அரை மணி நேரமும் வேண்டும். நம் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் இக்கட்டடத்தில் அமர்ந்து கடைக்காரர்களுக்கு அதைச் செய்து கொடுக்கலாம். எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சி வணிகர்களோடு நம் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றாக அமரட்டும். சரக்கு ஒன்று, மொழி ஒன்று, கடன் நோட்டு ஒன்று. சங்கம் மட்டும் இரண்டு மாநிலத்தில் இரண்டாக, ஒருவரையொருவர் அறியாமல் இருப்பானேன்? இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் ஒரே விண்ணப்பத்தை இரு பக்கத்தாரும் சேர்ந்து கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். நாடகக்காரர்களும் அரிதாரம் பூசிக் காத்திருக்கிறார்கள். பதிவு செய்ய விரும்பும் கடைக்காரர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் வாயிலருகே உள்ள மேசையில் பெயர் கொடுத்துச் செல்லலாம்.